எவர்சில்வர் கிண்ணத்துச் சோறு

சியோல் போய் வந்து மூணு மாசம் ஆகுது. அங்கே என்ன பார்த்தீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்காத ஆள் இல்லை. டீக்கடையில் கேட்பவர்களிடம் "குளிருப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். உங்களிடம் அப்படி முடிக்க முடியாது. ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை எழுதினால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணமும் அதுதான்.

மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். மூணு வருஷமாக "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். கறவை ரெண்டு, அதுல ஒண்ணு சினை. "மாட்டை யார்கிட்ட உட்டுட்டு வர்றது? நீங்க போயிட்டு வாங்க." ஆக, 2024 ஐப்பசியில் நான் மட்டும் ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, மணத்தக்காளி வத்தலுமாகக் கிளம்பினேன். இருபது நாள்.

முதல் ரெண்டு நாள் மகள் அறையிலேயே சாப்பாடு. இதேவான் என்ற இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கான மளிகைக்கடைகள் இருக்கின்றன. நம்ம துவரம்பருப்பு, புளி, புழுங்கலரிசி எல்லாம் அங்கே கிடைக்கும். ரசமும் பொடியும் தின்றுகொண்டு சியோலில் உட்கார்ந்திருந்தேன். மூணாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "இதைத் திங்கவா ஏழாயிரம் மைல்... சரி, அவ்ளோ தூரம் இல்ல, இருந்தாலும் கெளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

சோங்னோ என்பது அந்த ஊரின் பழைய பகுதி. பெரிய ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள். ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ரெண்டு பேர் உரசாமல் போக முடியாத சந்துகள். பக்கத்துப் பூங்காவில் வயசான ஆம்பளைகள் கூட்டமாக உட்கார்ந்து ஏதோ காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம்ம அரசமரத்தடி ஆடுபுலி ஆட்டம் போல, பத்து பேர் சுற்றி நின்று யோசனை சொல்கிறார்கள். அந்தச் சந்து ஒன்றில்தான் கடை. ஆறு மேசை. ஒரு வயசான அம்மாவும் உதவிக்கு இன்னொரு பெண்ணும். சுவரில் கையால் எழுதிய விலைப்பட்டியலில் நாலே வரி. நம்ம ஊரில் "மெஸ்" என்று சொல்வோமே, அதேதான்.

மகள் உள்ளே நுழைந்ததும் "இமோ!" என்று கூப்பிட்டாள். இமோ என்றால் அம்மாவோடு கூடப் பிறந்தவள், நம்ம பெரியம்மா, சித்தி. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு என்னிடம் திரும்பி, "அப்பா, இங்க உக்காருங்க" என்றாள். அந்தம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்பா?" என்றார். தமிழில்! கொரிய மொழியிலும் பிள்ளைகள் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுமாம். இதை வைத்துக்கொண்டு கொரியாக்காரனும் தமிழனும் பங்காளி என்று வாட்ஸப்பில் சுத்திக்கொண்டிருக்கும் கதைகளுக்குள் நான் போகவில்லை. ஆனால் தெரியாத ஊரில், தெரியாத கடையில் ஒரு அம்மா என்னைக் காட்டி "அப்பா" என்றபோது, சட்டையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன்.

நாங்கள் கேட்டது "பெக்பான்". வெறும் வெள்ளைச் சோறு என்று அர்த்தமாம். கேட்டது அவ்வளவுதான். வந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. சின்னச் சின்னத் தட்டுகளாக எட்டு, ஒன்பது, பத்து. முட்டைக்கோஸ் கிம்ச்சி, முள்ளங்கியைச் சீவி மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்தது, முளைகட்டிய சோயாபீன்ஸ், கீரையை எள்ளெண்ணெயில் புரட்டியது, கடற்பாசி அப்பளம் மாதிரி ஒன்று, பொரித்த கானாங்கெளுத்தி. அப்புறம் நெத்திலிக் கருவாடு! கடலூர்க்காரனுக்கு நெத்திலி தெரியாமல் போகுமா? ஆனால் அதைச் சர்க்கரைப் பாகில் வறுத்திருந்தார்கள். கருவாட்டைப் போய் கடலைமிட்டாய் ஆக்கிவிட்டார்களே என்று முதலில் கோபம். நாலாவது வாயில் கோபம் போய்விட்டது.

"யாரும்மா இதெல்லாம் கேட்டது? பில்லு எவ்ளோ வரும்?" என்று ரகசியமாகக் கேட்டேன். மகள் சிரித்தாள். "இதுக்கெல்லாம் காசு இல்லப்பா. தீர்ந்தா கேளுங்க, திரும்ப வைப்பாங்க. சாப்பாடு ஒண்ணு ஒன்பதாயிரம் வோன்." நம்ம காசுக்கு 550 ரூபாய் பக்கம். அந்த ஊருக்கு அது மலிவு.

நடுவில் மண்சட்டியில் குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டே ஒரு குழம்பு வந்தது. தென்ஜாங் என்று பெயர். சோயாவை வேகவைத்து இடித்து, செங்கல் மாதிரி பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டுப் புளிக்க வைப்பார்களாம். வைக்கோலில் இருக்கிற நுண்ணுயிர்தான் அதைப் புளிக்க வைக்கிறது. அதன் பிறகு உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறும். வாசனை? மாட்டுக்கொட்டகை மூலையில் ஈரம்பட்ட வைக்கோல் பிரியைப் புரட்டினால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். நகரத்து வாசகர்களுக்கு இது எப்படிப் படுமோ தெரியாது. எனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது.

மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு இழுப்பறை. அதைத் திறந்தால் நீளக் காம்பு வைத்த கரண்டியும் இரும்புக் குச்சிகளும். குச்சியை நான் தொடவே இல்லை. மகள் கரண்டியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" "நீங்க எடுத்தாத்தான் நான் எடுக்கணும். பெரியவங்க மொதல்ல." எங்கள் வீட்டில் எனக்காக இப்படி யாரும் காத்திருந்ததில்லை. பிள்ளைக்கு அந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி சோறு. மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், கையைச் சுடுகிற சூட்டில் வந்தது. மூடியைத் திறந்தால் முத்து மாதிரி குட்டைக் குட்டை அரிசி, பளபளப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நம்ம கணக்குக்கு அது குழைந்த சோறு. உதிரி உதிரியாக இருந்தால்தானே நமக்குச் சோறு? மென்று பார்த்தேன். ஒட்டினாலும் குழையவில்லை. ஒவ்வொரு பருக்கையும் தனியாகப் பல்லில் பட்டது. கடைசியில் லேசாக இனிப்பு. நல்ல அரிசி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிண்ணம்! நாலு வாயில் பாதி காலி. நடவு அன்றைக்கு நம்ம ஆட்கள் முன்னால் இந்தக் கிண்ணத்தை வைத்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"கிண்ணம் ஏம்மா இத்தினிக்கூண்டா இருக்கு?"

மகள் அதை அந்தம்மாவிடம் கேட்டுவிட்டாள். கடையில் அப்போது கூட்டம் குறைந்திருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து மேசை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபது தாண்டியிருக்கும். அவர் சொல்லச் சொல்ல மகள் எனக்குச் சொன்னாள். நடுநடுவே போனிலும் தேடிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் சின்ன வயசில் அரிசி கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி, சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். வெறும் அரிசிச் சோறு கொண்டுபோனால் தண்டனை. 1969ல் இருந்து புதனும் சனியும் மதிய நேரத்தில் ஹோட்டல்களில் அரிசிச் சாப்பாடே விற்கக் கூடாது என்று உத்தரவு. கோதுமை மாவில் செய்ததைத் தின்னு என்றது சர்க்கார். அப்புறம் கிண்ணத்துக்கே கட்டுப்பாடு வந்தது. முன்பெல்லாம் பெரிய பெரிய கிண்ணத்தில் கோபுரமாகக் குவித்துத் தின்கிற ஜனங்கள் அவர்கள். 1976ல் சியோல் மாநகராட்சி, கடைகளில் சோற்றுக் கிண்ணம் உள்ளளவு பத்தரை சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் உயரம், அதிலும் ஐந்தில் நாலு பங்குதான் நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டது. மீறினால் கடையை மூட வைப்பார்கள். பஞ்சம் போய்விட்டது. கிண்ணம் மட்டும் நாடு முழுக்க நின்றுவிட்டது. நான் கையில் வைத்திருந்ததும் அந்த வம்சம்தான்.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் சர்க்கார் "தோங்கில்" என்று ஒரு புது நெல்லைக் கொண்டுவந்து எல்லோரையும் நடச் சொன்னது. விளைச்சல் கொட்டியது. 1977ல் நாடே அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தச் சோறு யாருக்கும் பிடிக்கவில்லை. "ஒட்டவே ஒட்டாது, கரண்டியிலேர்ந்து பறந்துடும்" என்று கையை ஊதிக் காட்டினார். 1980ல் குளிர் அடித்ததில் பயிர் படுத்துவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஜனங்கள் அதைக் கைகழுவிவிட்டார்கள்.

மகள் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, தோங்கிலோட தாய் ரகத்துல ஒண்ணு ஐ.ஆர். எட்டு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐ.ஆர். எட்டு வெளிவந்தது 1966. நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். எங்கப்பா அதை நட்டவர். "காணிக்கு அத்தனை மூட்டை கண்டோம்டா" என்று சாகிறவரை சொன்னவர். எங்கம்மாவுக்கு அந்த நெல்லைக் கண்டாலே ஆகாது. "சூடா இருந்தா சோறு, ஆறினா கல்லு" என்பாள். பிலிப்பைன்ஸில் உண்டாக்கின ஒரு நெல், ஒரு பக்கம் குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே எங்கம்மாவிடமும் இன்னொரு பக்கம் கொரியாவில் இந்த அம்மாவிடமும் திட்டு வாங்கியிருக்கிறது. ஆனால் ரெண்டு ஊரிலும் வயிற்றை நிரப்பியதும் அந்த வம்சம்தானே. அதையும் சொல்லணும்.

கிண்ணம் காலியாகிவிட்டது. குழம்பு மிச்சம். இன்னொரு கிண்ணம் கேட்கலாமா என்றேன். "கேக்கலாம். அதுக்கு மட்டும் ஆயிரம் வோன்." கிம்ச்சி எத்தனை தடவை கேட்டாலும் சும்மா. நெத்திலி சும்மா. கீரை சும்மா. சோற்றுக்கு மட்டும் காசு! முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பரவாயில்லையே, நெல்லுக்கு ஒரு மரியாதை இருக்கே என்று. மகள்தான் அந்த ஊர் விவசாயிகள் கதையைச் சொன்னாள். ஒரு கிண்ணத்துக்கு 100 கிராம் அரிசி. அதில் விவசாயி கைக்கு அப்போது போனது இருநூற்றுச் சொச்சம் வோன். "ஒரு கிண்ணச் சோற்றுக்கு 300 வோன் கொடு" என்றுதான் அவர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள், அதற்காக சியோலுக்கே வந்து ஊர்வலம் போகிறார்கள். தின்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். 1970ல் ஆளுக்கு வருஷத்துக்கு 136 கிலோ அரிசி தின்ற நாடு, 2023ல் 56 கிலோ. அரிசி இல்லாமல் கிண்ணத்தைச் சின்னதாக்கினார்கள். இப்போது அரிசி இருக்கிறது, அந்தச் சின்னக் கிண்ணத்தையே மிச்சம் வைக்கிறார்கள்.

விவசாயி மூளை சும்மா இருக்குமா? என் கணக்கைப் போட்டேன். 2024-25 பருவத்துக்கு நம்ம தமிழ்நாட்டில் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,450 ரூபாயாக இருந்தது. நூறு கிலோ நெல் அரைத்தால் அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். அப்படியானால் 100 கிராம் அரிசிக்கு என் பங்கு மூணே முக்கால் ரூபாய். அவர்கள் கேட்கிற 300 வோன், பதினெட்டு ரூபாய். அந்த ஊர்க் கூலி வேறு, செலவு வேறு, இப்படி ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் ஒப்பிட்டேன்.

அந்தம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

"என்ன வேலைன்னு கேக்குறாங்கப்பா."

"விவசாயம்னு சொல்லு."

என்ன பயிர் என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் என்னைக் கேட்காமலே பதில் சொன்னாள். அரிசிக்கு அங்கே "ஸ்ஸால்" என்பார்கள். அந்தச் சொல் மட்டும் என் காதில் விழுந்தது. சொல்லும்போது பிள்ளை முகத்தில் ஒரு பெருமை.

அந்தம்மா முகம் மாறிவிட்டது. அவர் சொந்த ஊர் தெற்கே சோல்லா பக்கம், நெல் விளைகிற சமவெளி. அண்ணன் இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார், எண்பது நெருங்குகிறது. பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வரும், அவர் வரப்பில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அந்த நாட்டில் விவசாயம் செய்கிறவர்களில் பாதிக்கு மேல் அறுபத்தைந்து தாண்டினவர்கள். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"அறுப்பு மாசத்துல விவசாயி எப்படி ஊரை விட்டு வந்தாருன்னு ஆச்சரியப்படறாங்க. எங்க ஊர்ல இப்ப அறுப்பு இல்ல, நடவுதான்னு..." அங்கேயே நிறுத்திவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. "ஆமா, நடவுதான? சம்பா நடவு நேரத்துல எப்படிப்பா இருபது நாள் வந்தீங்க?"

தண்ணீர் குடித்தேன். ரெண்டு டம்ளர்.

"ரெண்டு காணியில சவுக்கு வச்சுட்டேன்மா."

"எப்போ?"

"ரெண்டு வருஷமாச்சு."

"எந்த ரெண்டு காணி? ஏரிக்குக் கீழயா?"

"ஆமா."

ஏரிக்குக் கீழே உள்ள அந்த ரெண்டு காணிதான் அவளைப் படிக்க வைத்தது. நடவு ஆட்களுக்குக் கூழ்த் தூக்கு எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடுவாள். ஒரு தடவை சேற்றில் விழுந்து, தூக்கை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு எழுந்தவள். போனில் ஒவ்வொரு பருவத்துக்கும் "நட்டாச்சாப்பா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்பேன். பொய் இல்லை. முக்கால் காணி வீட்டுச் சாப்பாட்டுக்கு இன்னும் நடுகிறேன். அதையும் வரும் முன்பே, ஆள் கிடைத்த அன்றைக்கே நட்டு முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

உங்களுக்கும் இதுதான் நான் சொல்ல வேண்டியது. போன வருஷம் இங்கே போட்ட நாற்றங்கால் படமும் நடவுப் படமும் அந்த முக்கால் காணியில் எடுத்தவை. படத்தில் பின்னால் பச்சையாக உயர்ந்து தெரிவதை "தோப்பு" என்று எழுதியிருந்தேன். தோப்பு இல்லை. அது என் சவுக்கு. 2021 கார்த்திகை மழையில் பால் பிடித்த பயிர் தண்ணீருக்குள் அழுகியதும், அடுத்த பருவத்தில் நடவுக்கு ஆள் தேடி மூணு ஊர் அலைந்ததும் இங்கே விரிவாக எழுதியவைதான். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. சவுக்குக்கு நாலு வருஷம் காவல் இருந்தால் போதும். வாங்குகிறவனே ஆள் வைத்து வெட்டி, எடை போட்டுக் காகித ஆலைக்கு ஏற்றிவிடுவான். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார வேண்டியதில்லை. நல்லாத் தூங்கினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. கிம்ச்சித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்தம்மா எழுந்து உள்ளே போய், இன்னொரு மூடிபோட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து ரெண்டு கையாலும் என் முன்னால் வைத்தார். "சர்வீஸ்" என்றார். கடைக்காரர் காசில்லாமல் கொடுப்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

"நெல்லு வெளைய வக்கிறவர்கிட்ட சோத்துக்குக் காசு வாங்கக் கூடாதாம்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

"அவங்ககிட்ட சொல்லிடும்மா. இப்ப சவுக்குன்னு."

"சவுக்குக்குக் கொரியன்ல என்னன்னு எனக்குத் தெரியாது."

பக்கத்தில் போன் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். அந்தம்மா பக்கத்திலேயே நின்றார். முதல் கிண்ணத்தைவிட இதில் நிறைய வைத்திருந்தார், மாநகராட்சி அளவையெல்லாம் தாண்டி. வயிறு நிறைந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன். ஒட்டுகிற அரிசி என்பதால் கிண்ணத்தில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்ட வேண்டியிருந்தது. நான் சுரண்டுவதைப் பார்த்து அந்தம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கடைசியில் ஆளுக்கு ஒரு கிண்ணம் வெந்நீர் மாதிரி வந்தது. சோறு வடித்த பானையில் அடிப்பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது. சுங்நியுங் என்கிறார்கள். நம்ம நீராகாரத்தின் சூடான அண்ணன். அதைக் குடித்துவிட்டு எழுந்தோம். பில் பதினெட்டாயிரம் வோன். இரண்டாவது கிண்ணத்தின் ஆயிரம் அதில் இல்லை. அதை மேசையில் வைக்கப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா. அசிங்கமா நெனப்பாங்க."

பாதாள ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நாலு ஸ்டேஷன் வரை பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்:

"சவுக்கு வெட்டுனதுக்கு அப்புறம் வேர் என்ன ஆகும்?"

"தோண்டித்தான் எடுக்கணும். ஜேசிபி உடணும்."

"மணிக்கு எவ்ளோ?"

"இப்ப ஆயிரத்து முந்நூறு கேக்குறான்."

"ரெண்டு காணிக்கு எத்தினி மணி நேரம் ஆகும்?"

சொன்னேன். போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.